ஆறு பஞ்சர் பேட்ச்

மார்ச் 2, சனி

நாளை இவருக்கு பைக் குரூப்போடு ரைடு. எனக்கு இன்று ரோல் கட்டும் நாள்.

இவருடைய பழைய ஜீன்ஸில் ஒரு காலை வெட்டி, பை பையாக நானே தைத்த ரோல். இரண்டு மூன்று ஸ்பானர், பின்சக்கர நட்டுக்கென்று ஒரு 24, பிளக் ஸ்பானர், டயரை நெம்பி எடுக்க, ஒன்றோடொன்று உரசாமல் பேப்பர் சுற்றிய லீவர் இரண்டு, கிளச் கேபிள் ஒன்று, ஃபியூஸ், ஆறு பேட்ச், சொல்யூஷன் ட்யூப், கைப்பம்ப். டேப்பைத் தனியாக வைக்க மாட்டேன். பம்ப்பின் கைப்பிடியிலேயே சுற்றிவிடுவேன், இடம் மிச்சம். எல்லாம் சேர்த்துச் சுருட்டினால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவுதான் வரும்.

ஒன்பது வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். பளபளவென்று கிட் வாங்கிப் போய், அதில் ஒரு ஸ்பானர்கூடத் தன் வண்டிக்குச் சேராமல் திரும்பி வந்து என்னிடம் கத்தினவர்கள் எத்தனை பேர்! அதனால் எனக்கு ஒரே சட்டம். ரோலில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிங்கில் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் கட்டு. இன்றும் செய்தேன். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "சாருக்கு என்னம்மா கவலை" என்றார். சார் அப்போது போனில் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்களேன் என்று கேட்டேன். "பின் சீட்ல பை இருக்கும்ல" என்றார். நான் கட்டிய பை.

மார்ச் 3, ஞாயிறு

நாலு மணிக்கு வந்தார். குரூப்பில் ஒரு பல் டாக்டர், அவர் வண்டி பஞ்சராம். இவர்தான் சக்கரத்தைக் கழற்றி ஒட்டிக் கொடுத்தாராம். "உன் ரோல் இல்லன்னா இன்னிக்கு எல்லாரும் நடுரோட்டுல நின்னிருப்போம். என்னை மெக்கானிக்னுதான் கூப்பிடுறாங்க இப்ப."

வாயெல்லாம் பல்லாக நின்றேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவர் ஒரு முழு வாக்கியம் பேசியது இன்றுதான்.

மார்ச் 4, திங்கள்

பேட்ச் குறைந்திருக்குமே, நிரப்பலாம் என்று பிரித்தேன். ஆறு இருந்தது. திரும்ப எண்ணினேன். ஆறுதான்.

சொல்யூஷன் ட்யூபின் வாய் மூடியே இருக்கிறது. மூடியின் பின்பக்கத்து முள்ளால் குத்தினால்தான் பசை வரும். குத்தவே இல்லை. லீவரில் சுற்றிய பேப்பர் கசங்கக்கூட இல்லை.

கீழே போய் மீட்டரைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் ரைடு போனது நிஜம். பஞ்சர்தான் பொய். எதற்கு? பொய் சொல்கிறவர்கள் ஏதாவது லாபத்துக்குச் சொல்வார்கள். இதில் இவருக்கு என்ன லாபம்?

மார்ச் 6, புதன்

கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை வரும்.

மார்ச் 10, ஞாயிறு

இந்தத் தடவை ரோலின் நாடாமேல் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பினேன். வந்தார். வழியில் யாருக்கோ செயின் அறுந்ததாம், இவர் சரிசெய்தாராம், கேப்டன் தோளைத் தட்டினாராம். கேப்டன் என்பது அந்தக் குரூப்புக்குத் தலைவர்.

நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போச்சு? "அப்படியா, கை வலிக்குதா" என்று கேட்டேன். "லேசா" என்றார். அடப்பாவி மனுஷா.

மார்ச் 13, புதன்

இன்று பல் டாக்டர் கடைக்கு வந்தார். குரூப் போட்டோவில் பார்த்த முகம். என்னை அவருக்குத் தெரியாது. இந்தக் கடைக்கு இவர் ஒருநாளும் யாரையும் கூட்டி வந்ததில்லையே.

பிரேக் பேட் வாங்கினார். அப்புறம், வண்டியில் வைத்துக்கொள்ள சின்னதாக ஒரு டூல் கிட் கிடைக்குமா என்று கேட்டார். உங்கள் வண்டி என்ன, பின்சக்கர நட்டு என்ன சைஸ் என்று நான் விசாரிக்க ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார்.

"நீங்க பேசறதைப் பார்த்தா எங்க குரூப்ல ஒருத்தர் ஞாபகம் வருதுங்க. அவர் வீட்டம்மா சாப்பாடு கட்ற மாதிரி ஸ்பானர் எல்லாம் சுருட்டிக் கட்டிக் குடுப்பாங்க. டிபன் பாக்ஸ்னு பேர் வெச்சுட்டோம் அவருக்கு. பாவம், கிண்டல் பண்ணி ஓட்டித் தீர்த்துட்டோம். இப்பல்லாம் நாங்க கூடுற பெட்ரோல் பங்க்ல, காத்தடிக்கிற ரூம்ல அதை வெச்சுட்டுத்தான் வர்றார். திரும்பும்போது எடுத்துக்குவார்."

பில் போட்டேன். மீதிச் சில்லறை கொடுத்தேன். அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

மார்ச் 14, வியாழன்

மெக்கானிக்காம் மெக்கானிக்! டிபன் பாக்ஸ்!

எடுத்துட்டுப் போக வெக்கமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? என் மனசு நோகக்கூடாதுன்னு கதை கட்டினாரா, இல்ல என்கிட்ட உண்மை சொல்லக்கூட அக்கறை இல்லையா? ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல. முதல் காரணம்னா இன்னும் கேவலமா இருக்கு. குழந்தைக்கு பொம்மை குடுத்து உக்கார வெக்கிற மாதிரி.

முட்டி தேய சக்கரத்தைக் கழட்டி மாட்டினவ நான்.

மார்ச் 16, சனி

நாளையும் மறுநாளும் மலைக்கு ரைடு. ரோல் ரெடியா என்று கேட்டார். ரெடி என்றேன்.

ஸ்பானர், கேபிள், பம்ப் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அவை இருந்த பைகளில் உடைந்த ஸ்டூலின் கால்துண்டுகளைப் பேப்பர் சுற்றிச் செருகினேன். எடை வருவதற்கு நாலு துருப்பிடித்த போல்ட். தூக்கிப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. எப்படியும் காற்றடிக்கிற ரூமில் இரண்டு நாள் கிடக்கப் போவது. அதற்கு நல்ல சாமான் எதற்கு?

அழுகை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

மார்ச் 17, ஞாயிறு

காலை ஐந்தரைக்குக் கிளம்பினார். ரோலைப் பின்சீட்டில் கட்டிக் கொடுத்ததும் நான்தான். "பத்திரமா வெச்சுக்கங்க" என்றேன்.

சாயங்காலம் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

மத்தியானம் ஒரு மினி லாரி வந்து வண்டியை இறக்கிவிட்டுப் போனது. இவர் உள்ளே வந்து ரோலை மேஜைமேல் வைத்தார். நாடா அவிழ்ந்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நேற்றுக் காலை பங்க்கில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். பல் டாக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு அம்மாவைப் பார்த்ததையும், அந்த அம்மா நட்டு சைஸ் கேட்டதையும் சொல்லியிருக்கிறார். இவருக்குப் புரிந்துவிட்டது.

"அது என் பொண்டாட்டிதான்னு சொன்னேன். இந்த ரோலைக் கட்டினதும் அவதான், இனிமே இதை எங்கயும் வெச்சுட்டு வர மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். யாரும் ஓட்டல. கேப்டன் ஸாரின்னாரு."

மலையில் பாதி ஏறினதும் இவர் வண்டியிலேயே கிளச் கேபிள் அறுந்திருக்கிறது. "ஒண்ணும் கவலை இல்ல, கேபிள் இருக்குன்னேன். எல்லாரும் சுத்தி நின்னாங்க. பிரிச்சேன்."

ரோலைப் பிரித்து விரித்தார். மேஜைமேல் ஸ்டூல் காலின் ஒரு துண்டு உருண்டு வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல."

நீங்கள் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்ட எனக்கே அது நியாயமாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

"பஞ்சர் ஒட்டினேன்னு சொன்னதெல்லாம் பொய்னு எப்பத் தெரியும் உனக்கு?"

"மறுநாளே."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களும் அப்பவே சொல்லியிருக்கலாம்."

எழுந்து குளிக்கப் போனார்.

மார்ச் 24, ஞாயிறு

இவர் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில். இருவரும் ஒரே நேரத்தில் சமையலறைக்குள் போக நேர்ந்தால், ஒருவர் வெளியே வந்துவிடுகிறோம்.

ஏப்ரல் 1, திங்கள்

அலமாரியில் இருந்த சாமான்களை எடுத்துப் பழையபடி ரோலில் அடுக்கினேன். கேபிளும் சேர்த்து. இவர் பார்த்தார்.

ஏப்ரல் 6, சனி

கடையிலிருந்து வரும்போது பார்க்கிங்கில் இவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரோல் விரித்துக் கிடந்தது. பின்சக்கரம் தரையில். 24 ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சொல்லலாமா என்று நின்றேன். மாடிவீட்டுக்காரர், "என்ன சார், இன்னிக்கு நீங்களா?" என்றார்.

இவர் நிமிரவில்லை. நான் மேலே வந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். முழங்கைவரை கிரீஸ்.

ஏப்ரல் 14, ஞாயிறு

ரைடுக்குக் கிளம்பினார். கிளம்புமுன் ரோலை மேஜைமேல் பிரித்து, ஒவ்வொரு பையாக விரல் விட்டுப் பார்த்தார். கேபிள். லீவர். ஆறு பேட்ச். எண்ணினார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"நான் ஒண்ணும் மாத்தி வெக்கல."

"தெரியும். பார்த்துட்டுப் போறது நல்லதுதானே."

நல்லதுதான். கடையில் எல்லோருக்கும் நான் சொல்வதும் அதுதான். நாடாவை அவரே கட்டினார். இரட்டை முடிச்சு, என்னுடையது மாதிரி இல்லை. பின்சீட்டில் ரோலைத் தவிர வேறொன்றும் இல்லை. வரியா என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

நேற்று ஆறு மணிக்கு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

இன்று அவர் வேலைக்குப் போன பிறகு ரோலைப் பிரித்தேன். பேட்ச் ஐந்து இருக்கிறது. சொல்யூஷன் ட்யூபின் வாய் குத்தியிருக்கிறது, ஓரமெல்லாம் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. லீவரில் சுற்றிய பேப்பர் கிழிந்திருக்கிறது.

யாருடைய வண்டி, எந்த இடத்தில் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடையிலிருந்து ஒரு பேட்ச் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் போட்டிருந்த மாதிரியே இரட்டை முடிச்சாகக் கட்டிவைத்தேன்.