தாய்மாமன் தூக்கிய உப்பு மூடை

தூத்துக்குடி,
9.6.2024

அன்பும் அதட்டலும் ஒருங்கே வாய்ந்த மருமகள் இசக்கிசெல்விக்கு,

குலதெய்வத்தின் மேல் ஆணையாக, யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். போனில் சொன்னால் உடனே வீடியோவில் வந்து, "கையைத் தூக்குங்க மாமா" என்பாய். ஆகவே கடிதம்.

போன வாரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு இலங்கைக்குக் கிளம்பிவிட்டது. அறுந்த நுனியை உன் மாமன் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினேன். கேப்டன் அழுதுவிட்டார். அதிலிருந்து வலது தோள் லேசாக முணுமுணுக்கிறது. தைலம் சொல்லு, போதும்.

உன் மாமன்,
காசிலிங்கம்

மஸ்கட்,
20.6.2024

அன்புள்ள மாமா,

கப்பலின் எடை ஐம்பது கிலோ என்று பகவதி அத்தை சொல்லிவிட்டாள். "ஏளா, மணவறைக்கு உன்னையத் தூக்கிட்டுப் போகணும்னு உங்க மாமா கடையில உப்பு மூடையத் தலைக்கு மேல தூக்கிப் பழகுதாவ! சொன்னா கேக்காவளா?" என்று ஒரே புலம்பல். எந்த ஊரில் மணப்பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள் மாமா?

தோள்குழி ஆழமில்லாத சின்னக் கிண்ணம். கை எலும்பின் உருண்டை அதைவிடப் பெரியது. அது நழுவாமலிருக்க, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. அது கிழிந்திருக்கலாம். கையைத் தூக்கும்போது உள்ளே 'டொக்' என்கிறதா? சிக்கிக்கொள்கிறதா? எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். எல்லாக் கிழிசலுக்கும் ஆப்பரேஷன் தேவையில்லை. முதலில் ஓய்வு, பிறகு பயிற்சி. தைலம் அவ்வளவு தூரம் போகாது மாமா. பிசியோதெரபி படித்தவள் சொல்கிறேன்.

செல்வி

தூத்துக்குடி,
22.9.2024

மகா மருத்துவர் மருமகளுக்கு,

பயிற்சிக்கு நீ சொன்ன ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து, பட்டைக்குத்தான் உடம்பு தேறியது. நேற்றுக் கொடியிலிருந்து சட்டையை எடுக்கும்போது தோள் நழுவித் திரும்பவும் உட்கார்ந்தது. அந்த அலறலில் துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் குனிந்தன.

ஸ்கேனில் கிழிசல் தெரிகிறதாம். சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, வளையத்தை எலும்போடு தைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய தொட்டிலில். அப்புறமும் பல மாதம் பாரம் தூக்கக்கூடாது. உன் கல்யாணமோ தையில். தாய்மாமன் தூக்காமல் நம் வீட்டுப் பெண் மணவறைக்கு நடந்தே போனால் நான் ஊரில் தலைகாட்டுவதா? தைக்குப் பிறகு தைத்துக்கொள்கிறேன். இதில் மட்டும் குறுக்கே வராதே.

மாமா

மஸ்கட்,
1.10.2024

அன்புள்ள மாமா,

குறுக்கே வருகிறேன். தூக்கும்போது தோள் நழுவினால் நான் விழுவேன், எழுந்தும்விடுவேன். உங்கள் தோள் இன்னும் கிழியும். அடுத்த முறை தைக்க வளையம் மிச்சமிருக்காது.

உங்கள் கையைப் பிடித்து நடந்துதான் மணவறைக்கு வருவேன் என்று ஜெயகணேஷிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்குச் சம்மதம்.

அப்பா இறந்த வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தீர்களே மாமா, அன்றைக்கு நான் எவ்வளவு அழுதும் நீங்கள் தூக்கவில்லை. "நடளா, நான் கூடத்தான வாரேன்" என்றீர்கள். எனக்கு அது போதும்.

செல்வி

தூத்துக்குடி,
27.10.2024

மருமகளே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு ஊர்ந்ததுபோல இருந்தால் நண்டைத் திட்டு.

ஆப்பரேஷன் முடிந்தது. தோளுக்குள் கேமராவை விட்டால் அங்கே முழு முத்துக்குளிப்பே நடந்துகொண்டிருந்ததாம். டாக்டர் ஏழு முத்து எடுத்தார், இரண்டை ஒளித்துக்கொண்டார். மயக்க ஊசிக்கு முன்னால் நர்ஸ் என் பெயரைக் கேட்டாள். "இசக்கிசெல்வி" என்றேன். அறையே சிரித்தது. தைத்த நூல் போதாமல் துறைமுகத்திலிருந்து கப்பல் கயிறு வரவழைத்தார்கள்.

தையில் நடந்தே வா. இடது கை சும்மாதான் இருக்கிறது.

மேலே சொன்ன ஆப்பரேஷன் கதையில் எதையும் நம்பாதே. அந்தப் பெயர் சொன்னது மட்டும் நிஜம்.

மாமா