ஈவுத்தொகை வந்துவிட்டது

நண்பா,

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. ஏதாவது கடன் விளம்பரமாக இருக்கும் என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன். நீ பங்கு வாங்கிய கம்பெனி ஈவுத்தொகை அனுப்பியிருக்கிறது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். இலவசச் சலுகைக்காக அடிக்கடி சிம் மாற்றுகிற ஆள் நீ. அதனால் பங்குக் கணக்குக்கு என் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தாய். நீ போன பிறகு கணக்கு உன் வீட்டம்மா பெயருக்கு மாறியது, எண் மட்டும் என்னுடையதாகவே இருக்கிறது.

எல்லாம் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. அப்போது எனக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை, உனக்கு ஜரிகை வியாபாரம். ஒருநாள் டீ குடிக்கும்போது, உங்கள் ஆபீசில் வைத்திருக்கிற பெட்டிகளில் எது நல்ல பெட்டி என்று கேட்டாய். இணைப்பு கொடுக்கிற அந்தப் பெட்டிகளோடுதான் என் பொழுது கழியும். இந்தக் கம்பெனியின் பெட்டி எவ்வளவு மழை பெய்தாலும் மக்கர் பண்ணாது என்றேன். பெட்டியைத்தான் சொன்னேன், பங்கைச் சொல்லவில்லை. நீ மறுவாரமே போய்ப் பங்கு வாங்கிவிட்டாய்.

முதல் சில வருடங்கள் டிவிடெண்ட் ஒழுங்காக வந்தது. தபாலில் வரும் காசோலையை நீ உடனே வங்கியில் போடமாட்டாய். சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, கோயிலில் பரிவட்டம் கட்டிவிட்டவன்போல உன் பிள்ளையார்பாளையம் தெருக்கள் முழுக்க ஒரு சுற்று வருவாய். தொகை என்னவோ வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறிக்குத்தான் காணும். "காசு கெடக்குதுபா, கம்பெனி நம்மளக் கூப்ட்டு மரியாதை பண்ணுது பாரு" என்பாய்.

பிறகு நின்றது. ஒரு வருடம் நஷ்டம் என்றார்கள். அடுத்த வருடம் லாபம்தான், ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து, சரக்கு வாங்கியவர்களிடமிருந்து பணம் வந்து சேரவில்லை என்று ஆண்டறிக்கையில் போட்டிருந்தது. அதைப் படித்து உனக்குச் சொன்னவன் நான். சொல்லியிருக்கக் கூடாது. பெட்டி வாங்கியது உங்கள் ஆபீஸ், காசு கொடுக்காததும் உங்கள் ஆபீஸாகத்தான் இருக்கும், ஆகவே என் டிவிடெண்டைப் பிடித்து வைத்திருப்பது நீதான் என்று நடுத்தெருவில் தீர்ப்பு சொன்னாய். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கை நீ வாபஸ் வாங்கவில்லை.

அப்புறம் ஒரு வருடம் ஈவுத்தொகைக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டார்கள். கொள்கையே வந்துவிட்டது, பணம் பின்னாலேயே வரும் என்று நீ துள்ளினாய். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். லாபம் இருந்தால், கடன் இடம் கொடுத்தால், எதிர்காலத் தேவைகளைப் பார்த்து, இயக்குநர் குழு விரும்பினால், வழங்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி துன்னுட்டு, ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்னு சொல்றா மாரியே இருக்குதுபா" என்றாய். அந்தக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

இதற்குள் உன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புதுப்பெண் வந்தால் தங்க மாடியில் ஓர் அறை வேண்டும், பங்கை விற்றுக் கட்டு என்றார் உன் வீட்டம்மா. நீ ஒரே ஒரு வாய்ப்பு கேட்டாய். ஆண்டுக் கூட்டம் இப்போதெல்லாம் கணினித் திரையில்தான் நடக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பங்குதாரரும் இரண்டு நிமிடம் பேசலாம். எப்போது தருவீர்கள் என்று கம்பெனித் தலைவரிடமே கேட்கிறேன், அவர் பதில் சொல்லாவிட்டால் விற்றுவிடலாம் என்றாய். உன் வீட்டம்மாவும் ஒத்துக்கொண்டார்.

செவிலிமேட்டில் என் வீட்டில் நெட் நன்றாக வரும் என்பதால் கூட்டத்தன்று நீங்கள் இருவரும் அங்கே வந்தீர்கள். நீ பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி. பேச வேண்டியதை டவுன் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தாய். கம்பெனியின் செயலாளர் அம்மா திரையில் வந்து உன் பெயரைக் கூப்பிட்டார். அவரும் தமிழ்க்காரர், தமிழிலேயே வணக்கம் சொன்னார். அரக்கு நிறத்தில் பட்டுப் புடவை உடுத்தியிருந்தார். நீ அந்தப் புடவையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வணக்கம்மா. அந்தப் பொடவை எங்க எடுத்தீங்க? ஜரிகை கண்ணக் கூசுது. உங்கள நல்லா ஏமாத்திட்டாங்கமா."

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. காஞ்சிபுரத்தில்தான் எடுத்தேன் என்று கடையின் பெயரைச் சொன்னார். அந்தக் கடைக்குப் பல வருடமாக ஜரிகை கொடுக்கிறவன் நீ.

மிச்ச நேரம் முழுக்க, வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது, அசல் சரக்குதான், பேத்தி காலம்வரை உழைக்கும் என்று நீ பின்வாங்கிக்கொண்டே போனாய். தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி என்று சொல்லிவிட்டுத் தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். உன் வீட்டம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "இன்னாபா நெட்டு உன் நெட்டு, கலரே தப்பா காட்டுது" என்றாய். அன்றைக்கும் குற்றவாளி நான்தான்.

அந்த வாரமே விற்றாயிற்று. மாடியில் அறை வந்தது, மருமகளும் வந்தாள். ஒரே ஒரு பங்கை மட்டும் நீ விற்கவில்லை, அடுத்த கூட்டத்துக்கு உள்ளே விட வேண்டுமே என்று. அடுத்த கூட்டத்துக்கு நீ இல்லை.

இன்று வந்திருப்பது அந்த ஒரு பங்குக்கான ஈவுத்தொகை. ஒரு டீக்குக்கூடக் காணாது. இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உன் வீட்டம்மா சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு இருந்திருந்தா இன்னிக்கி இந்தத் தெருவுல யாராச்சும் நிம்மதியா நடந்து போக முடியுமாண்ணா?"

முடியாதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உன்மேல் கோபமாக வந்தது. ஒரு பெட்டியைப் புகழ்ந்த பாவத்துக்கு இத்தனை வருடம் என்னை நிற்க வைத்து விசாரித்தாய். என்றைக்காவது அவர்கள் தருவார்கள், அன்றைக்கு உன்னை எதிரில் உட்கார வைத்து, நல்ல பெட்டி என்று நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். வேறு யாரிடம் கேட்டாலும், அப்படி என்ன சொன்னாய் என்றுதான் என்னைத் திருப்பிக் கேட்பார்கள். உனக்கென்று வைத்திருந்த கேள்வி, என்னிடமே இருக்கிறது.