கரும்புக்குள் கேட்ட மணி

நேற்று நம் கோயில் மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டினார்கள். சுண்ணாம்பையும் கடுக்காய்ச் சாற்றையும் குழைக்கிற வாடை தெருமுனைவரை வந்தது. பிரெஞ்சு சாமியார் காலத்தில் எப்படிக் குழைத்தார்களோ அப்படியே குழைக்க வேண்டுமாம். நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம், பார்த்துப் பார்த்துப் பூசுகிறார்கள். நான் மட்டும் நிமிர்ந்து மணியைப் பார்க்கவில்லை. தங்கச்சி, நீ போன நாளிலிருந்து எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்தக் கயிற்றுக்கு நாம் இருவரும் போட்ட சண்டை கொஞ்சமா? ஈஸ்டர் வந்தால் நீ மணியடிக்கும் கோயில்பிள்ளையின் வேட்டியைப் பிடித்துத் தொங்குவாய். "இது இன்னா தூளியா, ஆடறதுக்கு?" என்று கத்துவார். நேரமில்லாத நேரத்தில் விடாமல் மணியடித்தால் ஆபத்து, போட்டது போட்டபடி ஊரே ஓடிவர வேண்டும் என்று அவர்தான் நமக்குச் சொன்னார்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட அந்த வாரத்தில்தான் உனக்கு வலி கண்டது. தலைப்பிரசவத்துக்கு என் வீட்டில் இருந்தாய். உன்னைப் பார்க்க வந்த உன் வீட்டுக்காரரும் நம்மூர் ஆட்களோடு மறியலுக்குப் போயிருந்தார். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். "ரத்தம் நிக்கல. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கினு போங்க." பஸ் இல்லை. மாட்டுவண்டி முதல் புளியமரத்தையே தாண்டாது. கட்டிலோடு தூக்க ஆள் வேண்டும். கோயிலுக்கு ஓடினேன். கோயில்பிள்ளை, பாவம், அந்த வயதில் கை ஓயும்வரை அடித்தார்.

ஒரு ஆண்பிள்ளைகூட வரவில்லை. போலீஸ் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மணி கேட்டதும், "டேய், போலீசு பூந்துட்டான், ஓடு" என்று மறியலில் நின்ற அத்தனை பேரும் கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். அடிக்க அடிக்க இன்னும் உள்ளேதான் போயிருக்கிறார்கள்.

பொம்பளைகள் நாங்களே தூக்கினோம். மரத்துக்கு மரம் கட்டிலை இறக்கி, கிளைமேல் ஏற்றி, மறுபடி தூக்கினோம். கண் திறக்கும்போதெல்லாம், "யக்கா, அவுரு வந்துட்டாரா?" என்றாய். "வந்துகினு இருக்காருடி" என்றேன். கல்வராயன் மலைப்பக்கம் வெயில் இறங்குவதற்குள் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். பிள்ளையும் உன்னோடு போய்விட்டது. ஆஸ்பத்திரி இன்னும் எத்தனை மரத்துக்கு அப்பால் இருந்ததோ.

கோபப்படக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டார்கள், அது தப்பா? உயிருக்குப் பயந்து ஓடினார்கள், அது தப்பா? யாரைத் திட்டுவது, நீயே சொல்.

மறுநாள் கரும்புச் சோகை கிழித்த கைகளோடு உன் வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லறைத் திருநாள் தவறாமல் வருகிறார், உன் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுகிறார். பிறகு என் வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறார். "அண்ணி, கடைசியா என்னைத் தேடுனாளா?"

"சோறு ஆறுது, உள்ள வந்து சாப்புடுங்க" என்கிறேன்.