ஜீப்புக்கு அடியில் சிவப்புக் கோடு

இஞ்சரப்பா,

உங்கள் கியூடெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலைத் திறக்க இன்று படாத பாடு பட்டேன். மூடி ஒட்டிப்போய்க் கிடந்தது. சுடுதண்ணீரில் வைத்து எடுத்து, சீலைத் துண்டால் பிடித்துத் திருகினேன். திறந்ததும் வந்ததே அந்த மணம்! மற்றப் பெண்களுக்கு அது கலியாண வீட்டை நினைவூட்டும். எனக்கு ஜீப் கொட்டகையும் கிறீசும் சாரத்தில் ஒட்டிய மணலுமாக நீங்கள்தான் வந்து நின்றீர்கள்.

இந்தப் போத்தலை நான் முதன்முதலில் கண்டது உங்கள் சட்டைப் பையில். தோய்க்க எடுத்தபோது கையில் தட்டுப்பட்டது. நல்ல கடும் சிவப்பு. நான் நகத்துக்கு எதுவும் பூசாதவள் என்பது நெல்லியடிச் சந்தைக்கே தெரியும். அப்படியானால் இது யாருடைய நகத்துக்கு? மறுநாள் உங்கள் சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்து வைத்து, நீங்கள் மறந்து போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு நீங்கள் வேலை செய்யும் கந்தோருக்கே வந்தேன். அங்கிருந்த பெண்களின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருத்தியும் சிவப்புப் பூசவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம் இரட்டித்தது. முன்கூட்டியே சொல்லி அழிக்க வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணீருக்குப் பக்கத்தில் போத்தலை வைத்தேன்.

“இது ஆருக்கு?”

“ஜீப்புக்கு.”

“ஏன், ஜீப்புக்கு நகம் முளைச்சிட்டுதோ?”

நீங்கள் சிரிக்கவில்லை. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, “வாரும், காட்டுறன்” என்று என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனீர்கள். சீலையை ஒதுக்கிக்கொண்டு நானும் பாயில் படுத்து ஜீப்புக்கு அடியில் தலையை விட்டேன். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சிவப்பு. நட்டு ஒவ்வொன்றிலும் தொடங்கி அதன் போல்ற் வரைக்கும் ஒரு மெல்லிய கோடு.

“இறுக்கின உடனை கோடு கீறிவிடுவன். பிறகு ஆரும் கை வச்சாலும், தானாய்க் கழண்டாலும் கோடு முறிஞ்சு காட்டிக் குடுத்திடும். மனிசர் பொய் சொல்லுவினம். கோடு சொல்லாது.”

கொடிகாமத்து மெக்கானிக்கிடம் ஒருதரம் விட்டு எடுத்தபின், நல்ல நட்டைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டிவிட்டான் என்று உங்களுக்கு ஓர் எண்ணம். அது உண்மையா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று எனக்கு ஒன்று தெரிந்தது. என்னை விடப் பெரிய சந்தேகக்காரனுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

கந்தோர் ஏலத்தில் அந்தக் கிழட்டு ஜீப்பை நீங்கள் எடுத்து வந்தபோது அது இருமிக்கொண்டு நின்றது. அதற்கு நீங்கள் செய்தவை ஒரு பிள்ளைக்குச் செய்பவை. உயரம் காணாது என்று தடித்த வில்லுத் தகடுகள் போட்டுத் தூக்கினீர்கள். எஞ்சின் காற்றிழுக்கும் குழாயைக் கூரைவரை கொண்டுபோனீர்கள். சூடான அச்சுப் பெட்டி குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் மூச்சை இழுக்கும், அந்த மூச்சோடு உப்புத் தண்ணீரையும் குடித்துவிடும் என்று அதற்கும் தனியே ஒரு சின்னக் குழாய். இத்தனையும் எதற்கு? சனிக்கிழமைகளில் மணற்காட்டு மணலில் ஏறி இறங்கவும், மாரி வெள்ளத்துக்குள் விட்டுப் பார்க்கவும். அயலார் பைத்தியம் என்றார்கள். நானும் சொன்னேன், ஆனால் முன் ஆசனத்தில் இருந்துகொண்டுதான் சொன்னேன்.

ஒரு மாரியில் மணலில் புதைந்த யாரோ ஒருவரின் வான் வண்டியை இழுக்கப் போய், ஜீப்பின் விஞ்ச் இழுவைக் கம்பி உங்கள் வலது பெருவிரலைக் குறுக்காகக் கிழித்தது. தையல் போட்ட இடம் தடித்து நின்றது. பிறகு அந்த விரலால் என் கன்னத்தைத் தொட்டால் தழும்பு மட்டும் தனியாகத் தெரியும்.

தண்ணீரைக்கூட நீங்கள் நம்பியதில்லை. ஒருதரம் உப்புக் களப்புப் பக்கம் போய்விட்டு, வரும் வழியில் சண்டிலிப்பாயில் உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். சேறு கழுவவேண்டும் என்று கிணற்றில் அள்ளி, கையில் ஏந்தி, வாயில் விட்டு, துப்பினீர்கள். உங்கள் தங்கச்சியின் முகம் சுருங்கிப் போனது.

“அண்ணை, ஊரே குடிக்கிற தண்ணி உது.”

“குடிக்க நல்லம் பிள்ளை. ஜீப்புக்கு உவர்.”

உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா என்று கேட்டு, கழுவாமலே நெல்லியடிக்கு ஓட்டி வந்தீர்கள். தங்கச்சி மூன்று மாதம் நம்மோடு கதைக்கவில்லை. அவள் மகன் கோகுலன் மட்டும் வந்து போனான். மாமாவின் ஜீப் என்றால் அவனுக்கு உயிர். பிள்ளை இல்லாத நமக்கு அவன் வந்து போவதே பெரிதாக இருந்தது.

இனி இடியப்பக் கதைக்கு வருகிறேன். எத்தனை வருடமாக இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழிந்து தந்தது நீங்கள். மா இறுகிவிட்டால் என் கைக்கு ஏலாது. “தாரும் இஞ்சை” என்று இடியப்ப உரலை வாங்கி, தட்டுத் தட்டாகச் சுற்றி வைப்பீர்கள். ஒருநாள் திடீரென்று, “எனக்கு இடியப்பம் அலுத்துப் போச்சு, பிட்டு அவியும்” என்றீர்கள். அடுத்த நாளும் பிட்டு. அந்தக் கிழமை முழுக்கப் பிட்டு. இடியப்பத்தில் பிறந்து இடியப்பத்தில் வளர்ந்த மனிசனுக்கு இடியப்பம் அலுக்குமா? நான் விடவில்லை. வெளியே எங்கேயோ நல்ல இடியப்பம் கிடைக்கிறது என்று முடிவு கட்டினேன். சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரியிடம் சுற்றி வளைத்து விசாரித்தும் பார்த்தேன். அவள் பாவம், உங்களைக் கண்டதே இல்லை என்றாள். நான் நம்பவில்லை.

அந்த நாட்களில்தான் ஜீப்பின் முன்பக்க வில்லுத் தகடுகளை மாற்றினீர்கள். ரோச் பிடிக்க வந்தேன். “நீர் போய்ப் பிட்டை அவியும்” என்று கலைத்துவிட்டீர்கள். பிட்டு ஆறியும் நீங்கள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் பாயில் அப்படியே மல்லாந்து கிடக்கிறீர்கள்.

“என்னப்பா செய்யுது?”

“ஒண்டுமில்லை. கோடு கீறுறன்.”

சட்டையில் சிவப்புத் தெரிந்தது. கோடுதான் கீறுகிறார் என்று திரும்பிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் உடம்பு வருத்தம் வெளிப்பட்டது, ஆஸ்பத்திரி, மருந்து, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிய ஜீப் ஆஸ்பத்திரி வீதியைத் தாண்டி ஓடவில்லை. மணலுக்குப் போகவே இல்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்தது கோகுலன்.

இந்த வருடம் அவன் ஒருநாள் வந்து, “மாமி, ஓடாமல் விட்டா ரயரெல்லாம் வெடிச்சுப் போம். ஒருக்கா மணலுக்கை விட்டு எடுத்துக்கொண்டு வாறன்” என்றான். வண்டித் திறப்பைக் கொடுத்தேன். கொண்டுபோய், கழுவி, திருப்பித் தந்தான். அடுத்த நாள் நான் சந்தைக்கு ஓட்டிப் போகிறேன், பிறேக்கில் கால் வைத்ததும் முன்பக்கத்தில் ‘டொக்’ என்றது. விட்டால் ஒரு ‘டொக்’. வண்டியும் தன்பாட்டில் ஒரு பக்கம் இழுத்தது.

அவனிடம் சொன்னேன். “பழசுதானே மாமி, எல்லாம் ஆட்டம் குடுக்கும். உங்களுக்கு ஏன் உந்தக் கரைச்சல், என்னட்டை விடுங்கோ” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “விக்கிற எண்ணமிருந்தா எனக்குத்தான் சொல்லவேணும், வெளியாலை குடுத்திடாதேங்கோ” என்றான்.

ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை! எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. கொண்டுபோனவன் அடியில் எதையோ தளர்த்தி விட்டிருக்கிறான். நான் பயந்து ஜீப்பைக் கைவிட்டால் அவனுக்கு வந்துவிடும். அன்றிரவு சாப்பிட மனம் வரவில்லை. ஜீப் போனால் போகட்டும். உங்களுக்குக் கொள்ளி வைத்த கையே என்னை ஏமாற்றுமென்றால், எனக்கென்று இனி யார் இருக்கிறார்கள்?

விடிந்ததும் பாயை விரித்து அடியில் படுத்தேன். உங்கள் கோடுகளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டேன். பின்பக்கம் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருந்தன. முன்பக்கம், வில்லுத் தகடுகளை அச்சோடு கட்டி வைக்கும் போல்றுகள். அங்கேயும் ஒரு கோடும் முறியவில்லை. ஆனால் அந்தக் கோடுகள் கோடுகளாகவே இல்லை. நடுங்கி, வளைந்து, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் வழிந்து, மண்புழு ஊர்ந்தது போல. இவை உங்கள் கோடுகள் அல்ல. கழற்றிவிட்டு, உங்களைப் போலவே கள்ளக் கோடு கீறியிருக்கிறான்.

நேற்று அவனை ஸ்பானர் பெட்டியோடு வரச் சொன்னேன். வந்ததும் வராததுமாக அடியில் படுக்க வைத்து, ரோச்சைப் பிடித்தேன்.

“இது ஆரின்ரை கோடு?”

“மாமான்ரை கோடு தானே, மாமி.”

“உன்ரை மாமா குடிவெறியிலையே கோடு கீறினவர்?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குழப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஸ்பானரை எடுத்து நட்டில் வைத்து மெல்ல அசைத்தான். உடனே கையை எடுத்துவிட்டான்.

“மாமி, இது இறுக்கமே இல்லை. கழட்டினவன் எண்டா இப்பிடி விட மாட்டான். பூட்டின நாளிலையே அரைகுறையாய்த்தான் இறுக்கியிருக்கு. மணல்லை அடிபட்டுத் தகடு படிஞ்சு போச்சு, அதுதான் சத்தம்.” ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “மணலுக்கை விட முந்தி நானும் பாத்தனான். கோடு முறியேல்லை எண்டபடியால் நட்டிலை கையே வைக்கேல்லை” என்றான்.

“தள்ளு” என்றேன். நானே உள்ளே போனேன். ரோச்சைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கோட்டுக்குப் பக்கத்தில், தகட்டின் விளிம்பில், சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். நனைந்த கியூடெக்ஸில் விரலை ஊன்றியிருக்கிறீர்கள். அதன் நடுவே குறுக்காகப் பூச்சுப் படாத ஒரு கீற்று. அந்தத் தழும்பை எனக்குத் தெரியாதா?

இடியப்பம் உங்களுக்கு அலுக்கவில்லை. உரலைப் பிழியக் கை வரவில்லை. நட்டை இறுக்கவும் வரவில்லை. வந்த மட்டும் இறுக்கி, ஒரு கையை ஊன்றி மற்றக் கையால் கோட்டைக் கீறி, எனக்கு “ஒண்டுமில்லை” என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கந்தோர்ப் பெண்களின் நகத்தைப் பார்த்தேன், கடைக்காரியை விசாரித்தேன், உங்கள் மருமகனைக் கள்ளனாக்கினேன். உங்கள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் அப்படியே நம்பினேன்? கோடும் பொய் சொல்லவில்லை. யாரும் தொடவில்லை என்றுதான் அது சொன்னது. இறுகியிருக்கிறது என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டோம்.

அழுகை அதற்குப் பிறகு வந்தது. கோகுலன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்று காலையும் வந்தான். “இறுக்கினால் மாமான்ரை கோடு முறியும், மாமி. ஒரு படம் எடுத்து வைக்கட்டோ?” என்றான்.

“வேண்டாம். ஸ்பானரைத் தா.”

ஸ்பானரின் பிடியில் நீளக் குழாயைச் செருகி, நீங்கள் செய்வது போலவே உடம்புப் பாரத்தைக் கொடுத்து இழுத்தேன். முதலில் அசையவில்லை. பிறகு ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். உங்கள் கோட்டில் பாதி போல்றிலேயே நின்றது, மறு பாதி நட்டோடு சுற்றிப் போய்விட்டது. மற்றவற்றைக் கோகுலன் இறுக்கினான். துணி எடுத்து அழிக்கப் போனவனின் கையைத் தட்டிவிட்டேன். முறிந்தவை முறிந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் அதே சிவப்பில் என்னுடைய கோட்டைக் கீறினேன். என் கோடும் அப்படியொன்றும் நேராக வரவில்லை.

சந்திவரை ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. உங்கள் ஜீப் திறப்பை அவனிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சனிக்கிழமை மணலுக்கு நானும் வருகிறேன் என்றும் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, “எனக்கு இடியப்பம் வேண்டாம், மாமி, கடைப் பாண் போதும்” என்றான். உங்களுக்கும் இப்படித்தானே தொடங்கியது. மாவைக் குழைத்து, உரலை நிரப்பி, அவன் கையில் கொடுத்தேன். அவன் முழித்தான்.

“என்ன மாமி?”

“ஒண்டுமில்லை. பிழி.”

பிழிந்தான். கை நல்ல உறுதி. தட்டு முழுக்கச் சுற்றி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். உரலைத் திருப்பி வாங்கி, இன்னொரு தரம் நிரப்பிக் கொடுத்தேன்.