மாத்திரையில் வந்த மாரியம்மன்

கொழிஞ்சாம்பாறை,
பங்குனி 20.

அன்பு மகன் சிவப்பிரகாஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கறவை மாடும் சுகம், அங்கே டென்மார்க் குளிரில் நீயும் தமிழ்ப்ரியாவும் மூக்கு ஒழுகாமல் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் முகத்தைக் காட்டு என்பாய். ஒரு மாதமாக நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் கேமரா கோளாறு என்று சொல்லி உனக்கு மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தேன். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, என் முகம்தான் பார்க்கிற மாதிரி இல்லை. பதறாதே, நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ சொல்லித்தானே நுரையீரல் கட்டிக்காக கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தேன். பழைய மாத்திரை ஒன்று, புது மாத்திரை ஒன்று, இரண்டில் எது எனக்கு வருகிறது என்று எனக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. உன் அப்பாவுக்கு இது பொறுக்கவே இல்லை. ஏனுங்க, இன்ன வெதைன்னு தெரியாம யாராச்சும் நாத்து உடுவாங்களா, என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் மௌனிகா என்ற நர்ஸ் பெண்தான் பொறுமையாக விளக்கினாள். கட்டியின் செல்லுக்கு மேலே ஒரு வாசல் இருக்கிறதாம், வளரு வளரு என்கிற உத்தரவு அதன் வழியாகத்தான் உள்ளே போகிறதாம், மாத்திரை போய் அந்த வாசலை அடைத்துக்கொள்ளுமாம். அப்ப மடையை அடைக்கறதுன்னு சொல்லு கண்ணு, என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார். அதே மடை தோலிலும் முடியிலும் உண்டு, அங்கேயும் அடைபடுவதால் முகத்தில் பரு மாதிரி வரலாம் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். அது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை. அப்பா மடையிலேயே நின்றுவிட்டார், நான் கேண்டீனில் வடை தீர்ந்துவிடுமே என்ற நினைப்பில் இருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் முகம், கழுத்து, நெஞ்செல்லாம் சிவந்து கொப்புளம். வெயில் காலம் வேறு. உன் அப்பா ஆடு வாங்க அகளிக்குப் போயிருந்தார். பால் வாங்க வந்த உன் மயிலாத்தாள் அத்தை என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, ஆத்தா வந்துட்டாடி சரசு, என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது, எனக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், கூழ். நானும் முதலில் அம்மை என்றே நம்பினேன், பொய் சொல்வானேன். ஆனால் மாத்திரை போடப் போனால் டப்பாவைக் காணோம். ஆத்தா வந்த ஊட்டுல மருந்து வாயில படலாமா, கோவிச்சுக்குவா, அவ எறங்கட்டும் தர்றேன், என்று உன் அத்தை எடுத்து ஒளித்துவிட்டாள். அவளைத் திட்டாதே, எனக்காக மண் சோறு தின்ன நேர்ந்துகொண்டவள் அவள். நான் மறைவாக முகத்தைப் படம் பிடித்து மௌனிகாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அம்மா, இது அம்மை மாதிரி தெரியலீங்க, அந்த மாத்திரையாலதான் வந்திருக்குது, டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன், நிறுத்தாமப் போடச் சொன்னாரு, நாளான்னைக்கு நேர்ல வந்துருங்க, என்றாள். இதை உன் அத்தையிடம் சொன்னால், கோயமுத்தூருல இருக்கறவளுக்கு நம்ம ஆத்தாளைத் தெரியுமாக்கும், என்று கேட்டுவிட்டுக் கூழ் கரைக்கப் போய்விட்டாள். கண்ணு, மாத்திரை நின்றால் மடை திறந்துகொண்டு கட்டி வளர்ந்துவிடுமோ என்று நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. அம்மை கண்ட வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் வேலிக்கு வெளியே நின்றே என்னிடம் வாக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆழியாறு தண்ணீர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று ஒருவர், சர்க்கார் வேலைக்கான பிஎஸ்சி ரேங்க் லிஸ்டில் மகள் பேர் வருமா என்று ஒருத்தி. நான் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வேண்டியதை நானே ஏன் கேட்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டேன், கண்ணை உருட்டினேன், ஏ மயிலாத்தா, எங்கடி என் மாத்திரை, என்று ஒரு சத்தம் போட்டேன். நாத்தனார் ஆயிற்றே என்று, கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளை நங்கை, வாங்க, போங்க என்றே பேசி வந்தவள் நான். அந்த ‘டி’ அவ்வளவு ருசியாக இருந்தது, அதனால் இன்னும் நாலைந்து முறை போட்டுக்கொண்டேன். அவள் நடுங்கிப்போய், தாயே, நீ மாத்திரை திம்பியா, என்று கேட்டாள். திம்பேன், தெனமும் வெறும் வயித்துல திம்பேன், எடுத்தாடி, என்றேன். அரிசி டிரம்முக்குள்ளிருந்து டப்பா வெளியே வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் தாம்பாளத்தில் மாத்திரை, செம்பில் தண்ணீர், பக்கத்தில் கற்பூரம் என்று கொண்டு வருகிறாள். ஆத்தாளுக்கே மாத்திரை வேணுங்கற காலமாப் போச்சு, என்று வேலியோரம் பேசிக்கொண்டார்கள்.

அப்பா அகளியிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் மூஞ்சியைப் பார்த்து ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான், உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்படிப் பரு வர்றவங்க நெறைய பேருக்கு மருந்து நல்லாக் கேக்குது, ஆனா இத வெச்சு மட்டும் சொல்ல முடியாது, என்றார் டாக்டர். டப்பாவில் மிஞ்சிய மாத்திரையை எண்ணிப் பார்த்து, நடுவில் போடாததற்கு என்ன காரணம் என்று மௌனிகா கேட்டாள், உள்ளதைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் காரணம் என்ற கட்டத்தில், தெய்வம் வீட்டுக்கு வந்திருந்ததால் என்று அடித்துவிட்டாள். முகத்துக்குத் தடவ ஒரு களிம்பு கொடுத்தார்கள்.

டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் உன் அப்பா பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புதுப் பரு வந்திருந்தால் அன்றைக்கு எனக்குத் தாராளமாகச் சர்க்கரை போட்ட காபி. இமை முடி வேறு மாட்டுக்கு இருக்கிற மாதிரி நீண்டு கண்ணாடியில் இடிக்கிறது, அதை அவர் மீசைக் கத்தரியால் நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டிவிடுகிறார்.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருக்கிறது சாமி. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது கொட்டைப்பாக்கு அளவாகியிருக்கிறதாம். இப்போதைக்கு நல்லா இருக்குது, என்றார் டாக்டர். அந்த ‘இப்போதைக்கு’ உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டது, பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து முகத்தில் பரு தேடிக்கொண்டே வந்தார். இதற்கிடையில் களிம்பு வேலை செய்து முகம் தெளிய ஆரம்பித்துவிட்டது. களிம்பால்தான் தெளிகிறது, மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும் என்று மௌனிகா எத்தனை சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உன் அத்தை நேற்று, ஆத்தா எறங்கிட்டா, தலைக்குத் தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சரலாம், என்று மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வாசலில் வெயிலில் வைத்துவிட்டாள். உன் அப்பா, இத்தனை நாள் இந்த வேப்பிலையைப் பார்த்துச் சிரித்தவர், ஓடி வந்து அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டார். ஊத்தக் கூடாது என்றார். உன் அத்தை திகைத்துப்போனாள். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, போயராத தாயி, இந்த ஊட்டுலயே இரு, உனக்கு என்ன வேணுமோ செய்யறேன், போயராத, என்று தேம்பித் தேம்பி அழுதார். மாரப்பனுக்கும் பக்தி வந்துவிட்டதே என்று வேலிக்கு வெளியே நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாரியம்மனிடம் கேட்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியும். சரிங்க, இருக்கறேன், என்று சொன்னேன்.

இதை நான் எழுதியதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, கூச்சப்படுவார். லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம், ஐப்பசியில் வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு, மருமகளோடு சண்டை போடாதே, ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மா. சரஸ்வதியம்மாள்