பசிக்குது என்று சொன்ன ரோபோ

வியாழக்கிழமை, இரவு

கோபம் இன்னும் ஆறவில்லை. மத்தியானம் வெள்ளவத்தை நேசரிப் பள்ளிக்கு ஆரணியைக் கூட்டிவரப் போனால், என் ஐந்து வயது மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அழுது முடித்த முகம்.

பிள்ளைகளோடு கதைக்கவென்று அங்கே ஒரு ரோபோ வாங்கி வைத்திருக்கிறார்கள். சார்ஜ் இறங்கினால் அது முகத்தைச் சோர்வாக்கிக்கொண்டு, "எனக்குப் பசிக்குது" என்று சொல்லும். இன்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறது. இவள் தன் புட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்து உருட்டி, வாய்போல இருந்த ஓட்டைக்குள் தீத்திவிட்டாள். அதோடு அதன் பேச்சு நின்றுவிட்டது.

"அது மெஷின் எண்டு வீட்டில சொல்லிக் குடுக்கிறேல்லையா, அக்கா?" என்றார் டீச்சர்.

"பக்கத்தில ஒராள் பசியோட இருக்கத் தனியச் சாப்பிடக்கூடாது எண்டுதான் வீட்டில சொல்லிக் குடுத்தனான். பசிக்குது எண்டு சொல்ல அதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"அது சும்மா பகிடிக்கு, அக்கா. பிள்ளையளுக்கு விருப்பம்."

பகிடிக்குச் சொன்னவர்களுக்கு ஒன்றுமில்லை. நம்பிய பிள்ளைக்குத் தண்டனை. நாளைக்கு அவள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு "சொறி" சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு சாப்பிடும்போது வழக்கம்போல, "அம்மாக்கும் பசிக்குது, ஒரு வாய் தாங்கோ" என்று வாயைத் திறந்தேன். எப்போதும் உடனே தீத்துகிறவள், சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"உண்மையாவே பசிக்குதா, அம்மா?"