பதினொரு வீட்டு மிளகாய்ச் செடி

டீச்சரம்மா,

காலையில் நீலப் பெயிண்ட் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நனைந்த மிளகாய்ச் செடியிலிருந்து ஒரு பச்சை நெடி எழும்புமே, இலையைக் கசக்காமலே மூக்கைக் கிள்ளும் நெடி, அது ஏறிய அதே நொடியில் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. சனிக்கிழமை, எட்டு மணி. ஈரேழு பதினான்கு லோகங்களும் மூச்சை அடக்கிக் காத்திருக்கும் முகூர்த்தம். உங்கள் பள்ளியின் வாராந்திரச் செய்தி மடல் பூமியில் வந்து இறங்கியது.

ஆமாம், எனக்கு இன்னும் வருகிறது. அக்கா மகள் தீபு அங்கே ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய், இப்போது எட்டாவதில் உட்கார்ந்துகொண்டு என் கன்னடத்தைத் திருத்துகிறாள். பெற்றோர் குழுவிலிருந்து என்னை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் வெளியேறவில்லை. வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் சிரிப்பை எவன் விடுவான்?

இன்றைய இதழில் ஒரு நினைவுப் பக்கம். 'பெருந்தொற்று நாட்களின் பொன்னான தருணங்கள்' என்று தலைப்பு. பொன்னானவையாம்! அதன் கீழே சரசு வீட்டு வாசலில் நான் எடுத்த படம். சரசு, அவள் மாமியார், உங்களிடம் படித்த அவள் மகள், நடுவில் நம் மிளகாய்ச் செடி. 'நம் பள்ளி முதல்வர் அவர்களின் சிந்தனையில் உதித்த குடும்பத் தோட்டத் திட்டம்' என்று அடியில் எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதரின் சிந்தனையில் கடைசியாக ஏதாவது உதித்தபோது தசரா ஊர்வலத்துக்கு யானையே கண்டுபிடிக்கப்படவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஹோகலி பிடி மாமா, விட்டுத் தொலைங்க" என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் விடாமல் ஏதாவது செய்திருப்பீர்கள்.

நீங்கள் என்னை முதலில் பார்த்தது தலைகீழாக. நினைவிருக்கிறதா? அக்கா நர்ஸ்; ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் வகுப்புத் தீபுவையும் அவளுடைய ஆன்லைன் பாடத்தையும், காய்கறி ஏற்றும் ஆப்பே வண்டியைத் தவிர உலகில் எதையும் வளர்த்தறியாத என் தலையில் கட்டினார்கள். முதல் நாள் கைபேசியைக் குக்கரில் சாய்த்து வைத்தேன். எப்படி வைத்தேனோ, திரையில் நான் கவிழ்ந்து தொங்கினேன்.

"யாரு இது? மீசை மேல இருக்கு, மண்டை கீழ இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"எங்க மாமா மிஸ்" என்றாள் தீபு.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் "மாமா!" என்று கத்தின. அன்றிலிருந்து நீங்களும் என்னை மாமா என்றே கூப்பிட்டீர்கள். சாமுண்டி மலைக்கு இந்தப் பக்கம் அத்தனை பேருக்கு ஒரே நாளில் மாமனானவன் நான் ஒருவன்தான்.

அப்புறம் அந்தச் செய்தி மடல். பதினாறு பக்கம். உலகமே வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் அது மட்டும் வாயை மூடவில்லை. முதல் பக்கத்தில் முதல்வர், தாடையில் கை வைத்து, தடுப்பூசியைத் தானே யோசித்துக் கண்டுபிடிக்கப் போகிறவர் மாதிரி. அடுத்த பக்கங்களில் 'ஈடுபாடு மிக்க குடும்பங்கள்'. மாடி ஊஞ்சலில் குடும்பமாக உட்கார்ந்து புத்தகம் வாசிக்கும் குடும்பம். புத்தகம் தலைகீழாக இருக்கும், அது வேறு விஷயம். அப்பாவும் மகனும் சேர்ந்து எரிமலை செய்யும் குடும்பம். ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு கேக் சுடும் குடும்பம். ஊரில் அரிசிக்கு வரிசை நின்றது. இவர்கள் கேக்குக்கு மேல் செர்ரி வைத்து அதற்குக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேக்குகளை அடுக்கியிருந்தால் அரண்மனையை மறைத்திருக்கும்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு சனிக்கிழமை கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வந்தது. தொடர்ந்து மூன்று இதழ்களில் படம் வராத குடும்பம் 'ஈடுபாடு இல்லாத குடும்பம்' என்று குறிக்கப்படும். அந்தக் குடும்பத்துப் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றுவது பற்றிப் பள்ளி யோசிக்கும். அடுத்த இதழுக்கான பொருள் குடும்பத் தோட்டம்.

உங்கள் வகுப்பில் அப்படிப் பதினொரு பிள்ளைகள். இரண்டு இதழ் ஏற்கெனவே போயிருந்தது. எல்லாம் காந்தி நகர்ப் பக்கத்து ஒற்றை அறை வீடுகள். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் வேலைக்குப் போகிறவர். பாதிப் பேர் எங்கள் ஊர் கௌதள்ளிப் பக்கத்து ஜனம். வீட்டில் மனிதன் காலை நீட்ட இடமில்லை, இவர்கள் தோட்டத்துக்கு எங்கே போவார்கள்? நான் கொதித்துப்போய் உங்களுக்குப் போன் செய்தேன்.

"பொய்ப் படம் அனுப்பிடலாம் டீச்சரம்மா. நம்ம அரண்மனைத் தோட்டத்தையே சரசு வீட்டுக் கொல்லைன்னு சொல்லிடுவோம்."

"சும்னிரி மாமா, சும்மா இருங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். மூன்று நொடி கழித்து, "செடியோட படம் வேணும்னுதான போட்டிருக்காங்க? செடி யாரோடதுன்னு எங்கயாவது கேட்டிருக்காங்களா?" என்றீர்கள்.

அந்த நொடியில்தான் நான் உங்களுக்குச் சிஷ்யனானேன்.

புதன்கிழமை காலை உங்கள் வீட்டு மாடியிலிருந்து நீல வாளி இறங்கியது. அதில் ஏழு காயோடு ஒரு மிளகாய்ச் செடி. என் வண்டியில் காய்கறி அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்ததால் தடுப்புக் கட்டையில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு செடியா? வியாபாரம் ரொம்ப ஜோர்போல" என்று விட்டுவிட்டார். ராஜ மரியாதையோடு பதினொரு வீட்டு வாசலில் செடி இறங்கியது. எல்லாக் குடும்பத்தாரும் குளித்து, தலை வாரி, செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, முகக்கவசத்தைக் கழற்றி, கல்யாணத்துக்கு நிற்பது போல நின்றார்கள்.

சரசு வீட்டில்தான் தாமதம். அவள் மாமியார் செடியை விட்டு நகரவில்லை.

"ஏனுங் தம்பி, இதை ரெண்டு நாளைக்கு இங்கயே வுட்டுட்டுப் போகப்படாதுங்களா?"

"இன்னும் ஆறு வீடு இருக்குங்க பாட்டிம்மா."

"செரி, போய்ட்டு வாங்க" என்றார். நான் கைபேசியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு காயைக் காணவில்லை. அவர் கையிலிருந்த ராகிக் கூழ்க் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மாதேஸ்வரன் மலைக்கு விரதம் இருப்பவர் முகத்தோடு நின்றார். அடுத்தடுத்த வீடுகளில் இன்னும் நான்கு காய் கரைந்தது. பதினோராவது வீட்டுக்குப் போகும்போது செடியில் இரண்டே மிச்சம். நீங்களும் நானும் எவ்வளவு பெரிய மூளைசாலிகள்! வாளியைத் திருப்பி வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. வாளியின் முன்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் வழிந்து, கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது மாதிரி ஒரு கறை. பதினொரு படத்திலும் அந்தக் கொக்கு கேமராவைப் பார்த்து நின்றது.

சனிக்கிழமை இதழ் வந்தது. பதினொரு படமும் இரண்டு பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்று. கண் உள்ள எறும்புகூடக் கண்டுபிடித்திருக்கும். முதல்வரோ, 'மூன்றாம் வகுப்புக் குடும்பங்கள் ஒரே வகை மிளகாயைத் தேர்ந்தெடுத்த ஒற்றுமை போற்றத்தக்கது' என்று எழுதி, உங்கள் வகுப்புக்குச் 'சிறந்த பசுமை வகுப்பு' பட்டம் கொடுத்து, அந்த இதழைப் பள்ளி நிர்வாகத்துக்கும் அனுப்பிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் தீபு பயந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

பெற்றோர் குழுத் தலைவருக்குத்தான் கண் இருந்தது. மகனோடு எரிமலை செய்தாரே, அவர். அடுத்த வாரம் இணையக் கூட்டத்தில் பதினொரு படத்தையும் வரிசையாகப் போட்டு, கொக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, சந்திரனில் தண்ணீர் கண்டவர் மாதிரி விளக்கினார். பதினொரு குடும்பமும் பள்ளியை ஏமாற்றிவிட்டதாம். பிள்ளைகளின் பெயரை எடுக்க வேண்டுமாம். சின்னச் சின்னக் கட்டங்களில் அந்தக் குடும்பங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தன. சரசு கேமராவை அணைத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசினீர்கள்.

"ஆமா சார். ஒரே செடிதான். என்னோட செடி. நான்தான் அனுப்பினேன்."

"அப்போ இந்தக் குடும்பங்களுக்கு ஈடுபாடு இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க?"

"பதினொரு வீட்லயும் அதுக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க சார். சில பேர் சாப்பிட்டும் இருக்காங்க. உங்க வீட்டு எரிமலைய யாரு செஞ்சா?"

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்திலிருந்த மகன் மைக்குக்குக் கிட்டே வந்து, "மிஸ், அது பெட்டில வந்துச்சு மிஸ், அப்பா பேட்டரி மட்டும் போட்டாரு" என்றான். முப்பத்தெட்டுக் கட்டமும் குலுங்கியது. முதல்வர் அவசரமாக எல்லோருடைய ஒலியையும் அணைத்தார். ஊமைப்படத்தில் சிரிப்பது போல அத்தனை பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

பட்டம் கொடுத்து நிர்வாகத்துக்கும் அனுப்பிவிட்டார்களே, திரும்ப வாங்கினால் முதல்வருக்கல்லவா அவமானம்! அதனால் பதினொரு பெயரும் பதிவேட்டில் நின்றன. பிள்ளைகள் நான்காவதுக்கு ஏறினார்கள். நியாயத்தால் அல்ல, ஒரு மனிதரின் வீம்பால். செடியையும் நீங்கள் திரும்பக் கேட்கவில்லை. "சுத்தட்டும் மாமா, பாட்டிம்மா கூழுக்குத் தொட்டுக்க ஆகும்" என்றீர்கள். புதனுக்குப் புதன் ஒரு வீடு. அதற்கு மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.

உங்களை அவர்கள் மறக்கவில்லை. மறுவருடம் இரண்டாம் அலை ஊரைத் தின்னத் தொடங்கிய நேரம். செய்தி மடலுக்கு ஒரு அட்டைப்படம் வேண்டும் என்று ஆசிரியர்களைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். மேடையில் தோளோடு தோள் இடித்து, முகம் தெரிய வேண்டும் என்று கவசத்தைக் கழற்றி, ஆளுக்கு ஓர் எழுத்து அட்டையைப் பிடித்து, உங்களைக் காணாமல் ஏங்குகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் காட்ட வேண்டும். சாயந்திரம் போனில் சொன்னீர்கள்: "எனக்கு எழுத்துகூடக் குடுக்கல மாமா. கடைசில நிக்க வெச்சு ஆச்சரியக்குறியக் குடுத்தாங்க." இருவரும் சிரித்தோம். அடுத்த வாரம் உங்களுக்குக் காய்ச்சல். அந்த மேடையில்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. அந்த மேடையில் நீங்கள் நின்றிருக்கத் தேவையில்லை என்பது தெரியும். அது போதும், ஆயுள் முழுக்கக் காறித் துப்ப.

அக்காவின் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினீர்கள். பாதி மூச்சு, பாதி பேச்சு. "செடி உங்ககிட்டதான மாமா இருக்கு? கடைசிக் காயப் பறிச்சிராதீங்க. விதைக்கு விடுங்க." நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். உங்கள் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றாள்.

அந்த வார இதழில் உங்களுக்குப் பதினான்காம் பக்கத்தில் ஐந்து வரி. மேலே புதினாத் துவையல் போட்டி முடிவு, கீழே யோகா செய்யும் தாத்தா. அந்த அட்டைப்படத்திலிருந்தே உங்கள் முகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். காதோரம் ஆச்சரியக்குறியின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வரி என்ன தெரியுமா? குடும்பத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் அனுப்புங்கள், சிறந்தவை பிரசுரிக்கப்படும். சாவிலும் சிறந்தது எது என்று பார்த்தார்கள் டீச்சரம்மா.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலை சரசு என் வாசலில் வந்து நின்று, "மாமா, செடியக் கொண்டாங்க" என்றாள். அன்று திரும்பவும் பதினொரு வீடு. மெழுகுவர்த்தி இல்லை. யாரும் தலை வாரவில்லை, முகக்கவசத்தையும் கழற்றவில்லை. ஒவ்வொரு படத்திலும் கொக்கு தெரியும்படி வாளியை நானே திருப்பி வைத்தேன். செடியில் ஒற்றைக் காய். ஒரு வீட்டிலும் அதைத் தொடவில்லை. பாட்டிம்மா மட்டும் அதன் கீழே உள்ளங்கையை ஏந்தி நின்றார். பதினொன்றையும் அனுப்பினோம். ஒன்றுகூட வரவில்லை. தரம் போதவில்லையாம்.

இன்று காலை உங்கள் செடிக்கு முதல்வர் அப்பனாகிவிட்டதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தேன். பிரசுரமாகாத அந்தப் பதினொரு படமும் கைபேசியில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகக் குழுவில் போட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் பெயரை எழுதி, 'இது அவர் செடி' என்று மட்டும் போட்டேன். ஒன்பதாவது வரை போனது. பத்தாவதை அனுப்பும்போது நான் குழுவில் இல்லை. இத்தனை வருடமாக நீக்க மறந்தவனை ஐந்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். கடைசியில் நானும் ஈடுபாடு இல்லாத குடும்பமாகிவிட்டேன். என் வம்சத்துக்கே இதற்கு மேல் ஒரு விருது வரப்போவதில்லை.

மிச்சம் இரண்டு படத்தைச் சரசு போட்டுவிட்டாளாம். அவள் இளைய மகள் இப்போது அங்கே மூன்றாவது. "என்னையும் குழுவுல இருந்து எடுத்தாங்கன்னா எடுக்கட்டுங்க மாமா" என்று போனில் சொன்னாள். பின்னால் பாட்டிம்மாவின் குரல், "புதன்கிழமை நம்ம முறைன்னு சொல்லு" என்றது.

புதனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது; வாளியை இப்போதே வண்டியில், என் பக்கத்து இருக்கையில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. உங்கள் செடியின் விதைக்கு விதை, அதற்கும் விதை. இந்த முறை ஒன்பது காய். எட்டை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும்.